இரண்டு பட்டாளங்களுக்குப் போனவனுக்கு

பொன்னேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இன்று எனக்கு முன் சீட்டில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. வாசனைதான் முதலில் வந்தது. கிரீஸும் டீசலும், அதைப் போக்கத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய சோப்புத்தூளும், அதற்கு மேல் வெயிலில் காய்ந்த வியர்வையும். பஸ் ஓட ஓடக் காற்று அதை அப்படியே கொண்டுவந்து என் முகத்தில் கொட்டியது. உன் சட்டையைத் துவைக்கும்போது மூன்று அலசலுக்குப் பிறகும் போகாமல் இருக்குமே, அதே வாசனை.

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது பொறாமை. இந்த வாசனை இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழையும். ஒருத்தி, "மொதல்ல போய்க் கையக் கழுவு, செவுத்துல வைக்காத" என்று கத்துவாள். தன்னிடம் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. பழவேற்காட்டில் அவர் இறங்கி மார்க்கெட் பக்கம் நடந்தார். யாரென்றே தெரியாத அந்தப் பெண்மேல் எரிச்சலோடு நான் பாலம் தாண்டிக் குப்பத்துக்கு வந்தேன். முகம்கூடக் கழுவாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீ சிரிப்பாய். "இன்னாமே, நான் போயும் வுடமாட்டியா?" என்பாய். விடமாட்டேன். உன் விஷயத்தில் பொறாமை எனக்குப் புதிதா என்ன? கல்யாணம் முடிந்து உன் முதல் லீவு தீர்ந்த அன்றே அது தொடங்கிவிட்டது. அழுதுகொண்டே டிரங்குப் பெட்டியை அடுக்குவாய் என்று எதிர்பார்த்தேன். நீ விசிலடித்துக்கொண்டே அடுக்கினாய். சட்டைகளை மடித்து, ஓரம் பிசகாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாய். அங்கே யாரோ உனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அந்த மடிப்பிலேயே தெரிந்தது. வேறு பெண் என்றால் சண்டை போடலாம். உனக்காகக் காத்திருந்தது ஒரு பட்டாளம். அதனிடம் போய் என்ன கேட்பது?

வடக்கே மலையில் பட்டாள லாரிகளுக்கு நீ மெக்கானிக். வருடத்துக்கு ஒரு முறை, சில வருடம் இரண்டு முறை, வீட்டுக்கு வருவாய். முதல் நாள் முழுவதும் நம் மகள் செல்வி என் புடவைக்குப் பின்னாலிருந்து உன்னை எட்டிப் பார்ப்பாள். "யாரும்மா இவரு?" என்று உன் காதில் விழும்படியே கேட்பாள். அப்புறம் ஒரு நாள் "நைனா" என்று தோளில் ஏறுவாள். அவள் இறங்குவதற்குள் உன் லீவு முடிந்துவிடும். இருக்கிற கொஞ்ச நாளிலும் கூட்டாளிகளிடமிருந்து போன் வந்தபடி இருக்கும். நீ வாசலில் நின்று இந்தியில் பேசுவாய். இந்தியில் நீ சிரிக்கிற சிரிப்பு, தமிழில் சிரிக்கிற சிரிப்பைவிட நீளமாக இருக்கும். நான் உள்ளே மீனை உரசிக்கொண்டே அதைக் கேட்பேன். அன்றைக்கு மீன் தேவைக்கு மேலேயே உரசப்படும்.

ஆனாலும் ஒரு கணக்கு வைத்திருந்தேன். என்றைக்காவது பட்டாளம் இவனைத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். அன்றைக்கு மொத்தமாக எனக்கு.

அனுப்பியது. பதினேழு வருட சர்வீஸ் முடிந்து, அதே டிரங்குப் பெட்டியோடு நீ வந்து இறங்கினாய். குப்பமே வேடிக்கை பார்த்தது. உன் அண்ணன் மறுநாளே, "வாடா, நம்ம போட்டுல வா. கடலு உன்னய மறந்துடுமா?" என்று கூட்டிக்கொண்டு போனார். கடல் உன்னை மறந்திருந்தது. முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் நீ வாந்தியெடுத்துக் கிடந்தாயாம். மீனவன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று வலை பின்னுகிற இடத்தில் ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். தமிழ்ச் சிரிப்பு. சின்னது.

அப்புறம் வேலை தேடினாய். பட்டாளத்தில் கொடுத்த மெக்கானிக் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, துறைமுகம் பக்கம் இருக்கிற ஒர்க்‌ஷாப்புகளுக்கெல்லாம் போனாய். கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். "பட்டாளத்துக்காரரா? செக்யூரிட்டின்னா சொல்லுங்க, உடனே போட்டுத் தர்றோம்." எல்லா இடத்திலும் அதே பதில். கடைசியில் மீஞ்சூரைத் தாண்டி ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகச் சேர்ந்தாய்.

முதல் நாள் அந்த யூனிபார்மைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றது நினைவிருக்கிறதா? தோளில் பளபளவென்று நட்சத்திரங்கள் தைத்திருந்தார்கள்.

"இது ஆபீசருங்க போடற ஸ்டாருமே. நான் அவங்களுக்கு ரொம்பக் கீழ, நாயக் ராங்குல ரிட்டையரானவன். எங்க ரெஜிமென்டுக்காரன் எவனாச்சும் பாத்தான்னா சிரிச்சே செத்துடுவான்."

"பிரிச்சு எடுத்துடட்டுமா?"

"எடுத்தா மொதலாளி கேப்பான். அவனுக்கு ஸ்டாருதான் வோணும். நான் வோணாம்."

மழைக்காலத்தில் ஒரு நாள், அந்தக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்காரர் தன் நாயை நடத்திக்கொண்டு வந்தாராம். குடையை உன் கையில் கொடுத்து, நாய் நனையாமல் பிடித்துக்கொண்டு கூடவே வரச் சொன்னாராம். நீ போனாய். திரும்பி வந்து குடையை மடித்து அவர் வாசலில் வைத்தாய். யூனிபார்மை ஓரம் பிசகாமல் மடித்து ஆபீஸில் வைத்துவிட்டு, பனியனோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தாய்.

அதற்குப் பிறகு சில மாதங்கள் நீ வீட்டில் இருந்தாய். யாரிடமும் பேசமாட்டாய். டீக்கடைக்குக்கூடப் போகமாட்டாய். ஆனால் நான் பால்வாடிக்குக் கிளம்பினால் கூடவே வருவாய். அங்கே உடைந்து கிடந்த ஊஞ்சலைச் சரிசெய்தாய். குழந்தைகளுக்குச் சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுத்தாய். சாயங்காலம் என் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்து வருவாய். "டீச்சருக்கு உதவிக்கு ஆள் போட்டுட்டாங்க போல" என்று எல்லாரும் கிண்டல் செய்வார்கள். நீ குன்றிக்கொண்டிருந்தாய் என்று எனக்குத் தெரியும். வெங்காயம் நறுக்கும்போது உன் முகம் எங்கேயோ இருக்கும். ஆனால் நீ நறுக்கிய வெங்காயம் என் சட்டியில் விழுந்தது. என் ஆயுளில் நான் நிறைந்து இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால், நீ உடைந்து கிடந்த அந்தக் காலம்தான் என்று சொல்வேன். கேட்கிறவர்களுக்கு அது அசிங்கமாகத் தெரியலாம். எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு வருடமாகப் பந்திக்கு வெளியே நின்றவளுக்கு ஆறிப்போன சோறும் சோறுதான்.

அந்தச் சோற்றிலும் மண்ணைப் போட ரஹீம் பாய் வந்தார்.

அவர் துறைமுகத்துக்கு வெளியே இருக்கிற கன்டெய்னர் யார்டில் கிரேன் ஃபிட்டர். அங்கே இருக்கிற தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர். நீ வாட்ச்மேனாக இருந்தபோது, கேட்டில் நின்றுபோன ஒரு தண்ணி லாரியை நீ கிளப்பிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறார். மறுபடி தேடிப் போனால் நீ இல்லை. விசாரித்துக்கொண்டே ஸ்கூட்டரில் நம் வீடுவரை வந்துவிட்டார்.

"இன்னா மிலிட்டரி, லாரிக்கு வைத்தியம் பாத்த கைய மடியில வெச்சுக்கினு குந்திருக்க?"

"சர்டிபிகேட்டு செல்லாதாம் பாய். பட்டாளத்துச் சர்டிபிகேட்ட எவனும் தொட்டுக்கூடப் பாக்கல."

"அத்த சங்கம் பாத்துக்கும். மேனேஜ்மென்டாண்ட பேசிக்கினு இருக்கோம். பட்டாளத்துலேர்ந்து திரும்பி வர்றவங்கள கேட்டுல நிறுத்தாத, ஒர்க்‌ஷாப்புக்குள்ள வுடுன்னு கேட்டிருக்கோம். சம்பளத்தோட கத்துக்கணும். கத்துக்குடுக்கறது எங்க ஃபிட்டருங்க. நல்லா கத்துக்கினா பெர்மனென்டு."

"எனக்கு லாரிதான் தெரியும். கிரேனு தெரியாதே."

"தெரியாதுன்னு சொல்றல்ல, அதுபோதும். தெரியும்னு வர்றவனாலதான் பேஜாரு."

நான் அடுப்படியிலிருந்தே சொன்னேன்: "பாய், இப்பத்தான் மனுசன் வூடு வந்து சேந்திருக்காரு. கொஞ்ச நாளு இருக்கட்டுமே."

"தாராளமா இருக்கட்டும் டீச்சரம்மா. ஷிஃப்டு முடிஞ்சா வூட்டுக்குத்தான வரப்போறாரு?" என்றார். அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நான் கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அது வீட்டுக்குள் திரும்பி வந்திருந்தது, மறுபடி வெளியே போவதற்காக.

நீ சேர்வதற்கு முன்பே யார்டில் சச்சரவு கிளம்பியது. அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் பல வருடம் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் கூட்டத்தில் எழுந்து கேட்டார்கள். அதில் முன்னால் நின்றவன் தோணிரேவு ஊர்க்காரன் குமரேசன். "நாங்க இங்கியே கெடந்து தேயறோம். எங்களுக்கு இல்லாத பெர்மனென்டு, பென்சன் வாங்கறவருக்கா? சங்கம் யாருக்கு, எங்களுக்கா, பட்டாளத்துக்கா?" நீ வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, அவன் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றியது. உன்னை வரவேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அவன். மனசுக்குள் அவனுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் சங்கம் அதற்கும் வழி கண்டுபிடித்தது. பட்டாளத்திலிருந்து வருகிற ஒவ்வோர் ஆளுக்கும் ஜோடியாக ஓர் ஒப்பந்தக் கூலியையும் எடுக்க வேண்டும், இரண்டு பேரும் ஒன்றாகக் கற்க வேண்டும், ஒன்றாகவே நிரந்தரமாக வேண்டும் என்று கோரிக்கையை மாற்றி எழுதினார்கள். நிர்வாகம் முடியாது என்றது. மழையில் கேட்டுக்கு முன்னால் எல்லாரும் உட்கார்ந்தீர்கள். இன்னும் வேலையிலேயே சேராத நீயும் போய் உட்கார்ந்தாய். அன்று சாயங்காலம் சொட்டச் சொட்ட நனைந்து வந்து வாசலில் நின்று சொன்னாய்:

"பட்டாளத்துல ஆர்டருன்னா ஆர்டருமே. வாயத் தொறக்க முடியாது. இங்க இன்னாடான்னா, ஆர்டரு போட்றவனையே குந்தவெச்சு ஏன் எதுக்குன்னு கேக்கறாங்க! அவனும் பதிலு சொல்றான்!"

கண்காட்சியில் ராட்டினம் பார்த்த பிள்ளைமாதிரி உன் கண் விரிந்திருந்தது. துண்டை நீட்டினேன். அப்போதே புரிந்துவிட்டது. ஒரு பட்டாளம் திருப்பித் தந்ததை இன்னொன்று எடுத்துக்கொண்டது.

நிர்வாகம் இறங்கி வந்தது. நீ வேலைக்குப் போனாய். உன் ஜோடி யார்? குமரேசன்.

நான் இல்லாத கதைகளெல்லாம் எனக்கு எதற்கு என்று சில நாள் தோன்றும். ஆனால் சாயங்காலம் நீ வந்ததும் அவன் கதைதான். கிரேனின் வயிற்றுக்குள் எண்ணெய் எப்படி ஓடுகிறது என்று குமரேசன் சொல்லிக் கொடுத்தானாம். இன்ஜின் இருமுவதை வைத்து நோய் சொல்ல நீ அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாயாம். வயதில் உன்னைவிடச் சின்னவர்களான ஃபிட்டர்கள் உன்னைத் திட்டினார்களாம். அதைக்கூடப் பெருமையாகச் சொன்னாய். நசுங்கிய விரல் நகத்தைக் காட்டிச் சிரித்தாய்.

ஒரு நாள் மடவை மீன் குழம்பு வைத்து, நடுத்துண்டாகப் பார்த்துக் கேரியரில் போட்டு அனுப்பினேன்.

"கொழம்பு எப்டி இருந்துச்சு?"

"சூப்பருன்னு சொன்னான் குமரேசன்."

"நீ துன்னலியா?"

"துன்னேன், துன்னேன். மீனு அவனுக்கு வெச்சேன். அவனுக்கு வூட்ல ஒடம்பு சரியில்ல, சமைக்கல."

மறுநாள் இரண்டு துண்டு போட்டேன். இரண்டையும் அவன்தான் தின்றிருப்பான். உனக்கு நெஞ்சுக்கு ஆகாத அளவு எண்ணெய் ஊற்றிச் சமைத்தேனோ என்று பிற்பாடு நான் பயந்தபோதெல்லாம், அந்த மீனை நீ தின்றதே இல்லை என்பதுதான் எனக்கு ஆறுதல். எப்படிப்பட்ட ஆறுதல் பார்.

வேலை நிரந்தரமான அன்று ஸ்வீட் டப்பாவோடு வந்தாய். வாங்கிப் பார்த்தேன். டப்பாவை ஏற்கெனவே பிரித்திருந்தாய். ஒரு மூலையில் லட்டு இல்லை. முதலில் சங்க ஆபீஸுக்குப் போய் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் கொண்டுவந்திருக்கிறாய். "நல்லா இரு" என்று ஒரு லட்டை எடுத்து உன் வாயில் திணித்தேன். செல்வி கைதட்டினாள். அந்தக் காலி மூலையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. இன்றுவரைக்கும்.

அதற்குப் பிறகு உன் கண்ணே மாறிவிட்டது. எங்கே போனாலும் வாட்ச்மேனைத் தேடும். ஏ.டி.எம். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர், நகைக்கடைக் கதவைத் திறந்துவிடுபவர், டோல்கேட்டில் விசில் ஊதுபவர், யாரைப் பார்த்தாலும் அவர் நிற்கிற விதத்தை வைத்தே பட்டாளத்துக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவாய். பொன்னேரியில் தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போனோமே, நினைவிருக்கிறதா? நான் இரண்டு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினால் நீ இல்லை. வாசலில் வாட்ச்மேனோடு நின்று பேசிக்கொண்டிருந்தாய். புடவையோடேயே வாசலுக்கு வந்தேன்.

"இதுல எது நல்லா இருக்கு?"

"ரெண்டும்தான். மே, இவரு பேரு முருகையன். பட்டாளத்துல கரன்டு வேல பாத்தவராம்! வொயரிங்கு, ஜெனரேட்டரு அல்லாம் அத்துப்படி. இங்க கதவு தொறக்கறாரு பாரு!"

முருகையன் எனக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நான் விலை குறைந்த புடவையை எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த மாதமே முருகையன் சங்கத்தில் சேர்ந்து, யார்டில் எலெக்ட்ரீஷியன் வேலை கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். அந்தப் புடவையை நான் ஒரு முறைக்குமேல் கட்டவில்லை என்பதை நீ கவனிக்கவேயில்லை.

உங்கள் சங்கம் மீஞ்சூர் பக்கம் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே, திரும்பி வந்த பட்டாளத்துக்காரர்களுக்குப் பயிற்சி. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தார்கள், சூலூர்பேட்டையிலிருந்து வந்தார்கள். வெல்டிங் ஒரு பக்கம், வயரிங் ஒரு பக்கம், இன்ஜின் உன் பக்கம். யார்டில் மட்டுமல்லாமல் பக்கத்துக் கம்பெனிகளிலும் சங்கம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தது. நல்ல காரியம். ஊரே சொன்னது. எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போனது.

நம் கல்யாண நாள் ஒரு ஞாயிறு வந்தது. மதியத்துக்குள் வந்துவிடுகிறேன், பொன்னேரியில் சினிமாவுக்குப் போகலாம், பிரியாணி சாப்பிடலாம் என்றாய். தலைக்குப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படம் தொடங்குகிற நேரம் தாண்டியது. போனை எடுக்கவில்லை. பூவோடேயே பஸ் ஏறிக் கொட்டகைக்கு வந்துவிட்டேன்.

நீ என்னைப் பார்க்கவில்லை. பிரித்துப் போட்ட ஓர் இன்ஜினைச் சுற்றி ஆறேழு பேர் குனிந்திருந்தார்கள். நடுவில் நீ. யாரோ ஏதோ சொல்ல, நீ சிரித்தாய். அந்த நீளமான சிரிப்பு. இந்திச் சிரிப்பு. பட்டாளத்தோடு போய்விட்டது என்று நான் நினைத்திருந்த அந்தச் சிரிப்பு இங்கே, வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில், ஒவ்வொரு ஞாயிறும் சிரிக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

முருகையனின் மனைவி டீ டம்ளரோடு என்னிடம் வந்தாள். "அண்ணிதான நீங்க? அண்ணன் மட்டும் இல்லன்னா எங்கூட்டுக்காரரு இன்னா ஆயிருப்பாருன்னே தெரியாது அண்ணி. வூட்ல வாயே தொறக்கமாட்டாரு. இப்ப புள்ளைங்களோட வெளாடறாரு." கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் மனம் இளகியிருப்பாள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உன் வீட்டில் ஒருவர் விளையாடுகிறார், என் வீட்டு ஆளைச் செலவழித்து.

நேரே உன் முன்னால் போய் நின்றேன். "யோவ், ஒரு பட்டாளம் பத்தாதா உனக்கு? இப்ப சொந்தமா ஒண்ணு சேத்துக்கினு இருக்கியா?"

வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். நீ என் தலைப் பூவைப் பார்த்தாய். நாக்கைக் கடித்துக்கொண்டாய். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "குந்துமே. டீ குடி. வந்துடறேன்" என்றாய். ரஹீம் பாய் எழுந்து வந்து, "டீச்சரம்மா, தப்பு எங்க மேல" என்றார். "ஆமா, உங்க மேலதான்" என்றேன். அவர் எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நல்ல மனிதர். அதுவும் எனக்குக் கோபம்.

திரும்பும் பஸ்ஸில் நான் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டேன். காட்டூரெல்லாம் தாண்டிய பிறகு நீதான் ஆரம்பித்தாய்.

"அங்க போனாத்தான்மே என்னால இங்க வர முடியுது."

"எங்க?"

"வூட்டுக்கு. உன்னாண்ட. அவங்கள நாலு பேரப் பாத்தாத்தான், நான் திரும்பி வந்துட்டேன்னு எனக்கே தெரியுது. இல்லன்னா இன்னும் அங்கியே நிக்கற மாதிரி இருக்கு."

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டேன்: "அப்ப நான் இன்னா, பஸ் ஸ்டாண்டா? இங்கேர்ந்து போறதுக்கும் வர்றதுக்கும்?"

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு சிரித்தாய் பார், பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "இன்னா சார், எங்களுக்கும் சொல்லுங்க" என்றார். உனக்கு மூச்சு வாங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த நீளமான சிரிப்பு, தமிழில், நான் வரவழைத்தது. சினிமாவும் போனது, பிரியாணியும் போனது. ஆனால் அன்றைக்கு நான் ஜெயித்தேன்.

அதற்காக நீ மாறிவிடவில்லை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் வீட்டுக்கு வர ஆரம்பித்தாய், முருகையனையும் குமரேசனையும் கூட்டிக்கொண்டு.

நீ போன நாளைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதிலும் எனக்கு ஒரு பங்கு பாக்கி இருக்கிறது. யார்டில், மதியத்துக்கு முன்னால், கிரேனுக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். குமரேசன் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டானாம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அந்த நேரம் பால்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். எவ்வளவோ வருடம் உன் தலையணையைத் துவைத்துப் போட்டவள் நான். கடைசியில் உன் தலை இருந்தது குமரேசன் மடியில்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டேன். "கடசியா எதுனா சொன்னாராடா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். சொல்லமாட்டேன் என்றான். விடவில்லை.

"'பம்பு போல்ட்ட இறுக்கிட்டியாடா'ன்னு கேட்டாரு அண்ணி."

"அப்புறம்?"

"'இறுக்கிட்டேன்ணா'ன்னு சொன்னேன். சரின்னாரு. அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் அழுதோம். உன் கடைசி வார்த்தை ஒரு போல்ட்டுக்குப் போனது. அதையும் அவன்தான் வைத்திருக்கிறான். எனக்குப் பொய்யாவது சொல்லியிருக்கலாம், உங்கள் பேரைச் சொன்னார் என்று. சொல்லத் தெரியாத பையன். நீ பொறுக்கியெடுத்த ஜோடி அப்படித்தான் இருக்கும்.

உன்னை எடுத்த அன்று முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் தேசியக் கொடியோடு வந்து வரிசையாக நின்றார்கள். சங்கத்துக்காரர்கள் தங்கள் கொடியோடு எதிரே நின்றார்கள். கடற்கரை ஆட்கள் தங்கள் முறைப்படிதான் செய்ய வேண்டும் என்றார் உன் அண்ணன். யார் முதலில் மாலை போடுவது என்று மரியாதையாகவே ஒரு பேச்சு நடந்தது. எல்லாரையும் விலக்கிவிட்டு உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "கொஞ்ச நேரம் அல்லாரும் வெளிய போங்க" என்றேன். போனார்கள். உன்னோடு தனியாக இருப்பதற்கு அன்றைக்கும் நான் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

போன மாதம் அந்தத் தகரக் கொட்டகையைக் காலி செய்துவிட்டு, சங்கம் புதிதாகக் கட்டிய பயிற்சிக்கூடத்தைத் திறந்தார்கள். உள்ளே உன் படம். இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற செல்வி ட்யூட்டியை மாற்றிக்கொண்டு என்னோடு வந்திருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உன்னைப் பற்றிப் பேசினார்கள். நீ அவர்களுக்கு மலைப் பாட்டெல்லாம் பாடிக் காட்டியிருக்கிறாய். எனக்குப் பாடியதில்லை. ஒருவருக்குக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாய். தொலைந்துவிட்டது என்று என்னிடம் சொன்னாய். இன்னொருவருடைய அம்மா இறந்தபோது சூலூர்பேட்டையில் சுடுகாடுவரை போயிருக்கிறாய். அன்றைக்கு ஓவர்டைம் என்றாய். ஒவ்வொருவரும் உன்னை ஒரு துண்டு எடுத்து வைத்திருந்தார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். செல்வி அழுதுகொண்டே, "நைனா எவ்ளோ பண்ணியிருக்கார்மா" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியாக முருகையன் எழுந்தார். இப்போது அவர்தான் வயரிங் சொல்லிக்கொடுக்கிறார். மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நான் மொத நாளு கொட்டகைக்கு வந்தப்ப ஸ்குரூ டிரைவரப் பிடிக்க முடியாம கை ஒதறுச்சு. பட்டாளத்துலேர்ந்து வந்த நெறைய பேருக்கு அப்டித்தான். வெளிய சொல்லமாட்டோம். அண்ணன் ஒண்ணும் கேக்கல. 'என் கையப் பாரு'ன்னாரு. கல்லு மாதிரி நிக்கும் அந்தக் கை. ஒரு நாளும் நடுங்கி நான் பாத்ததில்ல. அதப் பாத்துப் பாத்துத்தான் எங்க கையெல்லாம் நின்னுச்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். ரஹீம் பாய் மைக்கைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்த சொல்லுங்க டீச்சரம்மா."

நான் எழுந்தேன். கூடம் நிறைய ஆட்கள். அவர்களில் பாதிப் பேர் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் கையைப் பற்றி நான் சொல்லியிருக்கலாம். பட்டாளத்திலிருந்து நீ வந்த முதல் வாரத்திலிருந்து, வேலைக்குப் போன கடைசி நாள்வரை, காலையில் எழுந்ததும் உன் கை எப்படி நடுங்கும் என்று. சட்டைப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்க முடியாது. ஏன் என்று ஒரே ஒரு முறை கேட்டேன். "பனில நின்ன கை மே" என்றாய். பனி மட்டுமில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உன் முன்னால் நிற்பேன். கீழ்ப் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாக மேலே போட்டுக்கொண்டு வருவேன். உன் இரண்டு கையும் என் தோள்மேல் இருக்கும். நடுக்கம் என் தோள் வழியாக எனக்குள் இறங்கும். அவசரப்படமாட்டேன். கழுத்துப் பொத்தானுக்கு வரும்போது அது நின்றிருக்கும். "ஆச்சு" என்பேன். "ஆச்சு" என்பாய். நின்ற கையோடு நீ வெளியே போவாய்.

மைக்கை வாங்கி, "அவரு நல்லா கத்துக்குடுத்தாரு. நீங்களும் நல்லா கத்துக்குங்க" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். நான் கூச்சப்படுகிறேன் என்று நினைத்து எல்லாரும் பலமாகக் கைதட்டினார்கள்.

சொன்னால் அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் அப்படித்தானா என்று நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். ஒருநாள் முருகையன் மனைவியிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது இல்லை. உன் சிரிப்பை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டார்கள், பாட்டை, கடிகாரத்தை, நடுத்துண்டு மீனை, கடைசி வார்த்தையை எடுத்துக்கொண்டார்கள். நல்லவர்கள், நன்றாக இருக்கட்டும். நின்ற கை அவர்களுடையதாகவே இருக்கட்டும்.

நடுங்கின கை என்னுடையது. தோளில் இன்னும் இருக்கிறது.